பார்க்காத முகம்

கும்பாவில் கை வைத்து ஒரு வாய் போட்டதும் அப்துல் ஹமீது முகத்தைச் சுளித்தார்.

"உப்பு போட மறந்துட்டியா, நூரு?"

மகள் நூர்பானு உப்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். வேளை தவறாமல் இதே கேள்விதான். அவர் ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பிசைந்தார். அப்போதும் மண்ணைத் தின்பது போலத்தான் இருந்தது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், துணி வியாபாரம் ராஜபாளையத்தில். விடியலில் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். பேதி ஊர் ஊராகப் பரவிய அந்த வாரம் சந்தை சரியாகக் கூடவில்லை என்று, மூட்டையோடு இன்னும் தெற்கே கிராமங்களுக்குள் போய்விட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பிய மனைவி மெகராஜ் பேகம் அன்றைக்கே மௌத்தாகிப் போனாள். தேடி வந்த ஆள் ராஜபாளையம் முழுக்க விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். பேதிச் சாவு, வைத்திருக்கக் கூடாது என்று ஜமாத்தார் அடக்கிவிட்டார்கள். இவர் வந்து சேர்ந்தபோது வீட்டில் சாம்பிராணி வாசனையும், கழுவிவிட்ட தரையின் ஈரமும்தான் இருந்தன.

அவளை அடக்கிய மையவாடியில் புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பொறுமைசாலி என்று ஊர் மெச்சியது.

அதன்பின் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. முழம் போடும் கை பாதியில் நின்றுவிடும். "ஏமி சாயபு, எத்தனை தரம் அளக்கீரு?" என்று சிரித்த ராஜுக்கள் வீட்டு அம்மாள், அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். ஆனால் தினமும் வீடு நெருங்க நெருங்க அவரை அறியாமல் நடை எட்டி விழுந்தது, சொல்வதற்கு ஏதோ சேதி இருப்பதைப் போல. உள்ளே கால் வைத்ததும் அது என்ன சேதி என்பது மறந்துபோகும்.

அவர் பாதியில் நிறுத்திய கும்பாவிலிருந்து நூர்பானு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். போட்ட வேகத்தில் துப்பினாள்.

"எம்புட்டு உப்பு அத்தா! இதையா தின்னிய?"

"எனக்குத் தெரியலியே."

பிசைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை நாளும் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"ஒங்கம்மா மொகம் எப்படி இருந்துச்சு?"

கூமாப்பட்டிப் புகுந்த வீட்டிலிருந்து தாயைப் பார்க்க வந்திருந்த இடத்தில், அந்தத் தாயையே குளிப்பாட்டி அனுப்பியவள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வத்திப்போயிருந்தாவ. கண்ணு மூடல, நாந்தான் மூடுனேன். வாயும் லேசாத் தொறந்திருந்துச்சு. துணியைக் கிழிச்சுத் தாடையச் சேத்துக் கட்டுனோம். பொறவு... தூங்குற மாதிரிதான் அத்தா."

"என்னையக் கேட்டாளா?"

"வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாருன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாவ."

ஹமீதின் தாடை நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பல்லோடு பல் மோதுகிற அளவுக்கு. கடித்து அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. சோறு ஒட்டிய கையாலேயே மோவாயைப் பிடித்து மேலே அழுத்திக்கொண்டார். நூர்பானு தண்ணீர்ச் சொம்போடு எழுந்து வந்தாள். அந்தக் கையை விலக்க அவளுக்குத் துணிவு வரவில்லை, அப்படியே நின்றாள். பருக்கைகள் தாடியிலிருந்து ஒவ்வொன்றாக அவர் மடியில் உதிர்ந்தன.