வழுக்கி விழுந்தவள்

கெட்டிலில் இருந்த சுடுதண்ணீர் பெரியக்காவின் முகத்தைக் குறிபார்த்துத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் திரும்பியதால் கழுத்தோடு போயிற்று. வீசிய கைதி ஓடவில்லை. தையல் மிஷின்மேல் கையை ஊன்றி நின்றபடி, "மூணு வாரமா என் பிள்ளைய வாசலோட திருப்பி அனுப்பினீங்கல்ல. இப்ப எரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண்கள் சிறையில் காவலராகச் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த குருவிதான் முதலில் ஓடிப்போய்ப் பெரியக்காவைத் தாங்கினாள். குருவி என்று பேர் வைத்தவளே பெரியக்காதான். சீருடைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை என்று சிரித்து, அவளே உட்கார்ந்து தோளையும் இடுப்பையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தலைமைக் காவலராக இருபது வருடம். கைதிகளை எண்ணும்போது முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று சொல்லிக் கொடுத்தவள். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காகக் குருவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் பக்கத்தில் இருந்ததும் அவள்தான். குருவியை வளர்த்த மாமா வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் குருவி தட்டெடுப்பாள். இங்கே மதியம் டப்பாக்களை நடுவில் திறந்து வைத்துவிட்டு, அவள் வரும்வரை பெரியக்காவும் மற்ற இரண்டு காவலர்களும் கை வைக்காமல் காத்திருப்பார்கள். முதல்முறை அதைப் பார்த்தவள் கை கழுவக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு, சுடுதண்ணீர் வீசிய தையல்காரியைக் குளியலறைக்கு இழுத்துப் போனார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இங்கே காவலராக வந்தவளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அவள் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றாள். நெட்டை என்ற இன்னொரு காவலர் தையல்காரியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினாள். கழுத்தில் ஈரத்துண்டோடு பெரியக்கா கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

"முகத்துல வேணாம்" என்றாள்.

நெட்டை ஐந்தாறு அடி போட்டாள். பிறகு பெரியக்கா தடியை வாங்கிக் குருவியிடம் நீட்டினாள்.

ஒப்புக்கு ஒன்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் குருவி நினைத்திருந்தாள். தொடையில் ஒன்று போட்டாள். தையல்காரி கத்தவில்லை. நிமிர்ந்து பார்த்து, "உனக்கு நான் என்னம்மா பண்ணேன்?" என்றாள்.

கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள்.  அந்தக் கேள்விதான் குருவிக்குத் தலைக்கு ஏறியது. அந்த வாயை மூடவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. உதடு கிழிந்தது. தடுக்க வந்த வலது முன்கையில் அடுத்த அடி விழுந்தது. ஆணி அடித்த மரப்பெட்டியைப் பிளக்கும்போது வருவதுபோல ஒரு சத்தம். அப்போதுதான் தையல்காரி அலறினாள். குருவி நிறுத்தவில்லை. கீழே சுருண்டவளின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தாள், மறுபடியும் உதைத்தாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கின.

"போதும்டி. செத்துடுவா. போதும்" என்றாள் பெரியக்கா. அவள் குரல் நடுங்குவதைக் குருவி அன்றுதான் கேட்டாள்.

மதியம் டப்பாக்கள் திறந்தன. "இவளுக்குக் குருவின்னு யாரு பேர் வச்சது?" என்று டீச்சர் கேட்க, நெட்டை சிரித்து, தன் பங்கிலிருந்து ஒரு கை கூடுதலாக அள்ளிக் குருவிக்கு வைத்தாள். குருவிக்கு நல்ல பசி. வழித்துச் சாப்பிட்டாள். பெரியக்கா டப்பாவைத் தொடவே இல்லை. தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்த குருவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மேலதிகாரி அறிக்கை கேட்டார். பெரியக்கா, தையல்காரி கிடந்த நோயாளிகள் அறைக்குப் போனாள். வாசலில் நின்ற குருவிக்குப் பேச்சு காதில் விழுந்தது.

"குளியலறையில வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை பிள்ளையப் பாக்கலாம்."

காகிதம் சரசரத்தது. பிறகு தையல்காரி, "இடது கையாலதான் எழுதணும். பரவாயில்லையா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பார்வையாளர் அறைக் காவலுக்குப் பெரியக்கா குருவியைத்தான் அனுப்பினாள்.

"வேற யாராச்சும் போகட்டுமேக்கா."

"நீதான் போகணும்." கழுத்துக் கட்டைச் சரிசெய்தபடி முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அடிக்கிறது பாதி வேலைதான்டி. மிச்சத்தையும் நான் உனக்குக் காட்டணும்ல."

அறையைக் கம்பி வலை இரண்டாகப் பிரித்திருந்தது. அந்தப் பக்கம் தையல்காரியின் தங்கை, அவள் இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு தையல்காரி உட்கார்ந்ததும், குழந்தை கைநீட்டவில்லை. வீங்கிய வாயையும் கறுத்த கன்னத்தையும் பார்த்துச் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இங்க பாருடா. அம்மாதான்."

"யாரு அடிச்சா?" என்றது குழந்தை, முகத்தைத் திருப்பாமல்.

இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்றிருந்த குருவி தன் பூட்ஸையே பார்த்தாள்.

"யாரும் அடிக்கலம்மா. அம்மா வழுக்கி விழுந்துட்டேன்." தையல்காரி ஒரு முறை எச்சில் விழுங்கினாள். "இந்த அக்காதான் என்னத் தூக்கி விட்டாங்க."

குழந்தை மெல்லத் தலையைத் திருப்பியது. சித்தியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, வலையோரமாக நடந்து, குருவிக்கு நேர் எதிரே வந்து நின்றது. தன் கையிலிருந்த பாதி தின்ற பிஸ்கட்டைக் கம்பி வலையின் ஓட்டையில் திணித்துப் பார்த்தது. நுழையவில்லை. ஒரு துண்டு கிள்ளி, ஈர விரலோடு சேர்த்து இந்தப் பக்கம் நீட்டியது. நீட்டிய விரலை எடுக்காமல், அவள் வாங்கிக்கொள்வாள் என்று பார்த்துக்கொண்டே நின்றது.