ஓரளவு கவலை

அன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. நல்லவனோ கெட்டவனோ, படித்தவனோ படிக்காதவனோ, பாதியில் போனை வைத்துவிடாத ஒரு ஆள். கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

அண்ணன் வாயில்லாப் பூச்சி. அண்ணியும் திட்டுகிறவள் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பாள், அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோயேன், உங்க அண்ணன் இருக்கிறதை வச்சு சமாளிச்சுக்குவாரு" என்பாள் சிரித்துக்கொண்டே. அப்புறம் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? புருஷன் இன்னொருத்தியோடு போனபிறகு அந்தச் சோற்றைத்தான் வருஷக்கணக்கில் தின்றாள். இந்த வேலை வந்தபிறகுதான் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, யாரும் பார்க்காத ஒரு தட்டு. செத்தாலும் திரும்பிப் போவதில்லை என்று இருந்தாள்.

போனில் கேள்வி கேட்பதுதான் வேலை. பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரோ பெரிய மனிதர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அதற்காக நீளமாக ஒரு ஹால், வரிசை வரிசையாக அட்டைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் காதில் ஹெட்போனோடு ஒரு தலை. ஏசியை யாரோ கருணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். உலகம் சூடாவதைப் பற்றி விசாரிக்கிற அத்தனை பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

எண்ணைக் கம்ப்யூட்டரே சுழற்றும். யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. எழுதியிருப்பதை எழுதியபடி படிக்க வேண்டும். ஒரு பதிலைத் தட்டினால்தான் அடுத்த கேள்வி திரைக்கு வரும். கடைசிக் கேள்வி வரைக்கும் போனால் அது முழுப் பேட்டி. ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்போது எதிராளி வைத்துவிட்டாலும் அத்தனையும் குப்பை. எல்லாவற்றுக்கும் மேலே வாத்தியார். அவர் சூப்பர்வைசர்தான். நடக்கிற நடையைப் பார்த்து அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். யார் பேசுவதையும் எந்த நிமிஷமும் ஒட்டுக் கேட்பார். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் கண்கொத்திப் பாம்பாகப் பிடித்துவிடுவார்.

அவளுக்கு அங்கே தேன்குரல் என்று பட்டப்பெயர். தேனாக இருந்து என்ன பிரயோஜனம்? காலையிலிருந்து ஒவ்வொருத்தராக உயிரை வாங்கினார்கள். "வெயில் எப்பவும்தான் அடிக்குது, அதுக்கு ஒரு போனா?" என்று ஒருத்தி வைத்துவிட்டாள். ஒரு பெரியவர், பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுக்காரன் மரம் வெட்டியதில் வந்து நின்று, காப்பி ஆறுகிறது என்று போய்விட்டார். இன்னொருத்தன், "பூமி அழியப் போகுதுன்னா நல்லதுங்க, என் மேனேஜரும் அதுலதான் இருக்கான்" என்றான். அவள் சிரித்துத் தொலைத்துவிட்டாள். அதற்கு வாத்தியாரிடம் ஒரு முறைப்பு வாங்கினாள்.

"சாயங்காலம் கணக்கு முடிக்காதவங்க லிஸ்ட் அனுப்பறேன். ஒண்ணு குறைஞ்சாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது" என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு இன்னும் ஒரு பேட்டி பாக்கி. அப்போதுதான் அந்த எண் விழுந்தது.

"ஹலோ! ஹலோ! சொல்லுங்கம்மா, வச்சிராதீங்க!"

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவளிடம் ஒருத்தர்கூட வைத்துவிடாதே என்று சொன்னதில்லை. அவள் குதூகலத்தை அடக்கிக்கொண்டு படித்தாள்.

"வணக்கம். பருவநிலை மாற்றம், மழை, வெள்ளம் போன்றவை குறித்து உங்களிடம் சில கேள்விகள் கேட்க விரும்புகிறோம். இப்போது பேசலாமா?"

"வெள்ளம்தாம்மா! கேளுங்க, கேளுங்க. காலையிலேருந்து உங்க ஆபீசுக்குத்தான் அடிச்சிட்டே இருக்கோம். திருப்பிக் கூப்பிடறோம்னாங்க. கூப்பிட்டுட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

பின்னால் தண்ணீர்ச் சத்தம். பாத்திரம் ஏதோ சுவரில் முட்டி முட்டி மிதக்கிற சத்தம். ஒரு கிழவியின் முனகல்.

அவளுக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகப் புரிந்தது. அவர் மீட்பு ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், தன்னை அந்த ஆபீஸ்காரி என்று நினைக்கிறார். 'நாங்க அவங்க இல்ல சார்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் வைத்துவிடுவார். முதலில் சட்டுப்புட்டென்று முடித்துவிடலாம், முடித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வாள்.

"பருவநிலை மாற்றம் குறித்து நீங்கள் எந்த அளவுக்குக் கவலைப்படுகிறீர்கள்? மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, இல்லவே இல்லை."

"இதுல எதைச் சொன்னாம்மா சீக்கிரம் வருவீங்க?"

"நான் சொல்லக் கூடாது சார். உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார். மூடியும் கேட்டது. ரொம்பன்னே சொல்லுங்க, என்றது ஒரு பெண்குரல். "சும்மா இருடி. எல்லாரும் ரொம்பன்னுதான் சொல்லியிருப்பாங்க. கூப்பாடு போடற ஆளுன்னு ஒதுக்கிடுவாங்க. தன்மையா கேக்கணும்." போனுக்குத் திரும்பினார். "ஓரளவுன்னு போட்டுக்குங்கம்மா. நாங்க அடம்பிடிக்கிறவங்க இல்ல. அட்ரஸ் சொல்லட்டுங்களா?"

"அட்ரஸ் வேண்டாம் சார். நாங்க அதெல்லாம் வாங்கக் கூடாது."

"ஆமாமா. காலையில சொன்னதே உங்ககிட்ட இருக்குமில்ல."

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். பருவநிலை மாற்றம் உங்கள் குடும்பத்தை எப்போது பாதிக்கும் என்று நினைக்கிறீர்கள்? இப்போதே, பத்து ஆண்டுகளில், அடுத்த தலைமுறையில், ஒருபோதும் இல்லை.

"இடுப்புக்கு வந்திருச்சும்மா. கட்டில் மேல மேசையைப் போட்டு மாமியாரை உக்கார வச்சிருக்கோம். அவங்களால நடக்க முடியாது. பாப்பாவை அவங்க மடியில வச்சிருக்கோம்."

இப்போதே, என்று தட்டினாள். யார் காரணம்? அரசாங்கமா, பெரிய தொழிற்சாலைகளா, தனிமனிதர்களா?

மனிதர் பதறிப் போனார். "ஐயையோ, அரசாங்கத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேம்மா. தொழிற்சாலைக்காரங்களையும் சொல்ல மாட்டேன். தப்பு எங்க மேலதான். பள்ளத்துல வீடு கட்டினது நான்தானே? தனிமனிதன்னு என்னையே போட்டுக்குங்க."

அதையும் தட்டினாள். கடைக்குத் துணிப்பை கொண்டுபோவீர்களா என்றாள். கொண்டுபோவேன் என்றார். பேருந்தில் போவீர்களா என்றாள். சைக்கிள்தான், சைக்கிள் கடைதான் வைத்திருக்கிறேன் என்றார். சைக்கிள் என்றால் ஏதாவது முன்னுரிமை உண்டா என்று ஆசையாகக் கேட்டார். அடப்பாவி மனுஷா! மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பீர்களா என்றபோது, "கரண்டே இல்லம்மா. போன்லயும் சார்ஜ் கொஞ்சூண்டுதான் இருக்கு. வேகமா கேளுங்க" என்றார். வேகமாகக் கேட்டாள். அதில் அவள் குறையே வைக்கவில்லை.

அப்போது அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். படகு! பக்கத்துத் தெரு ஆட்கள் எங்கிருந்தோ ஒரு படகைப் பிடித்து வந்திருந்தார்கள் போல. "அண்ணே, வெளிய வாங்க! இதான் கடைசி நடை. படுத்தவங்களை ஏத்த இடமில்ல. நீங்க, அண்ணி, பாப்பா மூணு பேரும் வந்திருங்க!"

"எங்கம்மாவை விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்றாள் மனைவி. அழுகையும் பிடிவாதமுமாக அங்கே ஒரே கூச்சல்.

சைக்கிள் கடைக்காரர் போனை வாயோடு ஒட்டிக்கொண்டார். "அம்மா, இவங்க மூணு பேரைத்தான் ஏத்துவேங்கறாங்க. உங்க போட் வந்தா நாலு பேரையும் ஏத்துவீங்கல்ல? வருதுல்லம்மா? இவங்களை அனுப்பிரட்டுமா?"

திரையில் இன்னும் கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. வாத்தியார் இரண்டு வரிசை தள்ளி நின்று, ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"ம்" என்றாள். "சொல்லுங்க சார், உங்க வயசு?"

"நீங்க போங்கப்பா! எங்களுக்குத் தனியா வருது. ஆபீஸ்ல பேசிட்டிருக்கேன். போய் வேற யாரையாவது ஏத்துங்க!" என்று அவர் உற்சாகமாகக் கத்துவது கேட்டது. பிறகு வயதைச் சொன்னார். படிப்பைச் சொன்னார்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா. நல்லா எழுதிக்குங்க. நாலு பேருக்கும் இடம் வேணும்."

நாலு. தட்டினாள். திரை பச்சையாக மாறியது. முழுப் பேட்டி.

"உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று படித்தாள்.

"இருக்கட்டும்மா. எப்ப வருவாங்க?"

இப்போது சொல்லியிருக்கலாம். முடித்தபிறகு சொல்வதாகத்தானே இருந்தாள். ஆனால் போன படகை அவளால் திருப்பிக் கூப்பிட முடியுமா? சொல்லி மட்டும் என்ன என்று தோன்றியது. "வருவாங்க" என்றாள். எதிர்ப்பக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தது. லைன் செத்துவிட்டது.

வாத்தியார் வந்தார். "வருவாங்கன்னு எதுக்குச் சொன்னே? அது எழுதியிருக்கா?"

"சார், அந்த ஆளு தண்ணிக்குள்ள நிக்கறாரு சார். யாருக்காவது சொல்லணும்."

"யாருக்குச் சொல்வே? நமக்கு நம்பர் தெரியுமா, ஊர் தெரியுமா? நாடு பூரா மழை. இனிமே உன் சொந்தச் சரக்கை உள்ள விடாதே. உன் கணக்கு சரியாயிடுச்சு, போய் டீ குடி."

பேட்டிக்குக் குறி எண் உண்டு. அதைப் போட்டால் கம்ப்யூட்டர் அதே ஆளை மறுபடி கூப்பிடும். அது வாத்தியாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் போய் டீ குடித்தாள். விடுதியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாகவே செரித்தது.

அடுத்த வாரம் சரிபார்ப்பு. பேட்டிகள் நிஜமாகவே நடந்தனவா என்று சிலரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கென்று இருந்தவள் லீவு. அவரவர் பேட்டியை அவரவரே கூப்பிட்டு முடியுங்கள், நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன் என்றார் வாத்தியார். அவள் முறைக்கு வந்தது அந்தச் சைக்கிள் கடைக்காரரின் குறி எண். எடுக்க மாட்டார், எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். எடுக்காவிட்டால் பேட்டி செல்லாது, வேலை போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியும் அதைத்தான் வேண்டினாள்.

"ஹலோ."

"வணக்கம். சில நாட்களுக்கு முன்பு எங்கள் ஆய்வில் நீங்கள் கலந்துகொண்டீர்கள். அதைச் சரிபார்ப்பதற்காக அழைக்கிறோம்."

"நீங்கதானாம்மா?" என்றார். தேன்குரல் ஆயிற்றே, யாருக்கு மறக்கும்? "போட் வரலம்மா."

அவள் திரையில் அடுத்த வரியைத் தேடினாள்.

"நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னுட்டேன். அவங்க மூணு பேரையும் மறுநாள்தான் எடுத்தாங்க. பாப்பா மாமியார் கையிலயே இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தாள். நாசமாய்ப் போவாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்ட மாதிரி இருக்கும். அந்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேம்மா. நம்பர் தெரியாம தவிச்சிட்டு இருந்தேன். நான் எந்தக் கேள்விக்குத் தப்பா சொன்னேன்? ஓரளவுன்னு சொன்னதுதானே? ரொம்பன்னு சொல்லுங்கன்னு அவ தலையால அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல. அதனாலதான வரல?"

எந்தப் பதிலும் தப்பில்லை, படகு என்ற ஒன்றே எங்களிடம் கிடையாது, நான் வெறும் கேள்வி கேட்கிறவள் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கைக்கு வந்த படகை எதற்காக அனுப்பினோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாரை நம்பி அனுப்பினோம் என்றும் தெரிந்துவிடும். வாத்தியார் திரையை விரலால் தட்டிக் காட்டினார்.

அவள் படித்தாள். "பேட்டி எடுத்தவர் உங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டாரா?"

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. போனை மூடிக்கொண்டு கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை. எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தனியாக நின்று யோசிக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"ரொம்ப" என்றார். "ரொம்ப மரியாதையா பேசினீங்கன்னு போட்டுக்குங்கம்மா."

திரையில் ஆம், இல்லை என்று இரண்டுதான் இருந்தன. அவள் ஆம் என்பதைத் தட்டினாள்.