ஆர்க்னெஸ் துரையின் மகள்

1

நான் சொன்ன ஒரு பொய்யால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருஷம் 1926. ரங்கூனில், தாமுவேயில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைமேல் ஐந்து நாளாக மழை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1864இல் வில்லியம் ஆர்க்னெஸ் என்ற ஆங்கிலேயர் ஆற்றுக் கப்பலில் இஞ்சின் பார்க்கும் வேலைக்காக ரங்கூன் துறையில் இறங்கியபோது, அவருடைய கண்கள்—’

அவருடைய கண்கள் என்ன நிறமென்று எனக்குத் தெரியாது. அவர் என் தாத்தா. (அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

தெரிந்ததைச் சொல்கிறேன். அரிசி ஆலையில் வேலை செய்த தைலம்மாளுக்கும் அவருக்கும் பிறந்தவள் என் அம்மா செசிலியா. “உன்னைக் கூட்டிப்போக வந்துகிட்டிருந்தார், கப்பல்லயே காலரா வந்து செத்துட்டார்” என்று தைலம்மாள் சொன்னதை அம்மா இந்த அறுபது வயதிலும் நம்புகிறாள். வெள்ளைக்காரர் வீடுகளில் ஆயாவாக இருந்து அவர்கள் பிள்ளைகளை வளர்த்தாள். இப்போது கண் இரண்டும் தெரியவில்லை. கால் வீங்கிவிட்டது. மழைக்காலம் தாண்டாது என்றார் டாக்டர்.

“என் கல்லறைக் கல்லுல அவர் பேரு இருக்கணும்ப்பா. ஆர்க்னெஸ் மக செசிலியான்னு. இத்தனை நாளும் அப்பன் பேரு தெரியாதவன்னு கேட்டுட்டேன்.”

ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தால் கல்லில் வெட்டிக்கொள்ளலாம் என்றார் மாதா கோயில் சாமியார்.

3

கோயில் உபதேசியார் ஜெபதாஸ் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தார். லத்தீனில் இருந்தது. விரல் வைத்துச் சொன்னார்.

“1871. செசிலியா, அஞ்சு வயசு. தாய் தைலம்மாள். தகப்பன்... தெரியாது.”

“அவ்வளவுதானா?”

“ஞானத்தகப்பன் பேரு இருக்கு, பிள்ளைக்குப் பொறுப்பா பக்கத்துல நின்னவர்.” விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். “வில்லியம் ஆர்க்னெஸ். அவரே கையெழுத்துப் போட்டிருக்கார்.”

அடக்கப் பதிவேட்டையும் பார்த்தோம். ஆர்க்னெஸ் 1889இல் இதே ஊரில் காய்ச்சலில் இறந்திருக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள். (அந்தப் பதினெட்டு வருஷமும் அம்மா இரண்டு தெரு தள்ளித்தான் வளர்ந்தாள்; வளர்ந்தபின் யாருடைய குழந்தையையோ தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.)

இங்கே எழுதுகிறவன் அவருக்காக வாதாட வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தார், கையெழுத்தாவது போட்டாரே, என்றெல்லாம். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் அவர் நல்லவராகிவிட்டார். கிழித்துப் போட்டேன்.

4

“இருக்காப்பா?” என்றாள் அம்மா.

“இருக்கும்மா.”

“எப்படி எழுதியிருக்கு?”

“தகப்பன், வில்லியம் ஆர்க்னெஸ்னு.”

அவள் அழவில்லை. அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டு மா டின்னைக் கூப்பிட்டுப் பர்மியில் சொன்னாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

“ஞானஸ்நானம் நினைவிருக்கா அம்மா?”

“ஒரு துரை என் தோளைப் பிடிச்சுகிட்டு நின்னாரு. கடைசிவரைக்கும் கையை எடுக்கல. யாரோ, பாவம். எனக்காக வந்து நின்னாரே.” பிறகு சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை என்னைத் தூக்கிட்டுப் போ. சாமியார் அந்த வரியை வாசிக்கணும், நான் கேக்கணும். மா டின்னும் வரட்டும்.”

5

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

சனிக்கிழமையே அம்மா இறந்துவிடுகிறாள். எழுதி முடித்து வாசித்தபோது, அவள் சாவை நான் வேண்டிக்கொண்டது போலிருந்தது.

சாமியார் என் பொய்யையே வாசிக்கிறார். நேற்று போய்க் கேட்டேன். “இல்லாததை வாசிக்கமாட்டேன், அமிர்தநாதன்” என்றார்.

நானே சொல்லிவிடுகிறேன்: ‘அம்மா, அன்றைக்கு உன் தோளைப் பிடித்திருந்தவர்தான்—’

இதற்குமேல் எழுத முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. மா டின் அம்மாவுக்குத் தலைவாரி விடுகிறாள். நாளையை நான் எழுதப்போவதில்லை. அம்மாவைத் தூக்கிவந்து முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். அதுவரை என்னால் முடியும். பதிவேட்டை, இந்தக் கதையைப் படிக்கும் உங்கள் கையில் தருகிறேன். அவள் முகத்தை உங்கள் பக்கம் திருப்பிக் காத்திருப்பாள்.

வாசியுங்கள்.