நகல் வீட்டில் இல்லாத காட்சி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாவது முறையாகப் படத்தைப் பின்னால் ஓட்டி ஐம்பத்தோராவது நிமிடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். அம்மா வேடத்தில் நடித்தவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். விளக்கைப் போட்டாள். அடுத்த காட்சியில் பொழுது விடிந்திருந்தது. நடுவில் சாப்பாட்டு மேசை இல்லை, நாற்காலிகள் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "டி.வி. பக்கத்துல போய் உக்காராதீங்க" என்று உபதேசம் செய்கிற நான், திரையிலிருந்து ஓரடி தூரத்தில் தரையில் உட்கார்ந்து, நடிகையின் காலடியில் எதையோ தொலைத்தவன் மாதிரி தேடிக்கொண்டிருந்தேன்.

படத்தின் பெயர் 'நகல் வீடு'. எடுத்தவரை ரசிகர்கள் 'பூதம்' என்று அழைப்போம். முப்பது வருடத்தில் பதினோரு படம் எடுத்தார். அட்டையில் செய்த விண்கலம், கம்பளி போர்த்திய ஜந்து, சுவரில் ஆளில்லாமல் நடக்கும் நிழல். ஊரே சிரித்தது. நாங்கள் ஒரு நாற்பது பேர் மட்டும் சிரிக்கவில்லை, பயந்தோம். அந்த நாற்பது பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்தபடி கிடக்கிற நோயாளிகளிடம் பூதத்தின் படங்களைப் பற்றிப் பேசுவார். பாவம், அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் இணையத்தில் ஒரு பட்டியல் போட்டேன். பூதத்தின் படங்களில் எனக்குப் பிடித்தவை, வரிசைப்படி. எல்லோரும் கடைசியில் வைக்கிற 'நகல் வீடு' படத்தை நான் முதலில் வைத்தேன். கதை எளிது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவராக நகலாகிறார்கள், நகலானவருக்கே அது தெரியாது. நான் அதை முதலில் வைத்ததற்கு ஒரே காரணம் நாற்காலிக் காட்சி. அம்மா வேலை முடிந்து வருகிறாள். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். அப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டுக்கொண்டே வருகிறாள். காலியாக இருக்கிற ஒன்றின் பின்னால் நின்று, "இது யாரோடது?" என்று கேட்கிறாள். "யாரோடதும் இல்லம்மா" என்கிறான் பெரிய பையன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நான்கு பத்தி எழுதியிருந்தேன். அதன்பிறகு சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. பல் டாக்டர் தன் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்ததை மூன்றாவதாக ஏற்றினார். யாரிடமும் படம் கைவசம் இல்லை. பிரதிகள் எங்கேயோ குப்பையோடு போய்விட்டன என்று நினைத்திருந்தோம். நானே கல்லூரி நாளில் ஒரே ஒருமுறை பார்த்ததுதான்.

போன வருடம் பூதம் இறந்தார். இந்த வருடம் ஒரு நிறுவனம் மூலச் சுருளைத் தேடி எடுத்து, துடைத்து, பதினோரு படத்தையும் வெளியிட்டது. காட்சி அதில் இல்லை.

அன்று மாலை பல் டாக்டர் போன் செய்தார். குரலில் போர்க்களம் தெரிந்தது.

"வெட்டிட்டாங்க சார். படத்தோட உயிரையே வெட்டிட்டாங்க. இணையத்துல முந்நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. வர்ற ஞாயிறு காலைல அரங்கத்துல படம் போடுறோம். நீங்கதான் முதல்ல பேசணும். அந்தக் காட்சிய மொதல்ல எழுதினதே நீங்கதான். நான் கண்ணால பாத்தேன்னு நீங்க மேடையில சொன்னாப் போதும்."

"பாத்தேன்" என்றேன். ஆனால் படத்தில் அந்த இடத்தில் வெட்டின தடயமே இல்லை. பின்னணி இசை அறுபடாமல் ஓடுகிறது. விளக்கைப் போடும்போது தொடங்குகிற சீழ்க்கை, விடிந்த பிறகுதான் முடிகிறது. அங்கே ஒரு காட்சி இருந்திருக்க இடமே கிடையாது.

என் மனைவி ஆறு மணிக்கு வந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நடைமேடை என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வீட்டிலும் அதே கறார்தான். அவள் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் விசாரணை தேவைப்படாது. அதனால்தான் அவளிடம் கேட்டேன்.

நாங்கள் முதன்முதலில் சந்தித்தது ஒரு காப்பிக் கடையில். உறவினர் ஒருவர் ஏற்பாடு செய்த சந்திப்பு. பேச எதுவும் தோன்றாமல், பூதத்தின் படம் ஏதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டு வைத்தேன். அதற்கு அவள் சொன்ன பதிலால்தான் இவளைத்தான் கட்டிக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன். இருபத்திரண்டு வருடமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

"அன்னைக்குக் காப்பிக் கடையில நாற்காலி சீன் சொன்னேல்ல, அது படத்துல இல்ல" என்றேன்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். "அப்ப வேற படமா இருக்கும்."

"பதினொண்ணும் பாத்துட்டேன். எதுலயும் இல்ல."

"நான் அந்த ஆளோட படம்னு சொன்னேனா?" என்றாள். "பேரு தெரியாதுன்னு சொன்னேன். ஒரு அம்மா நாற்காலி நாற்காலியா தொட்டுக்கிட்டு வருவாங்க, பாக்கவே பயமா இருக்கும்னு சொன்னேன். நீங்கதான் மேசையத் தட்டி 'நகல் வீடு'ன்னீங்க. மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுறாரே, எதுக்குக் கெடுக்கணும்னு ஆமான்னேன்."

உண்மைதான். எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது பெயர் தெரியாத படம் ஒன்றைப் பற்றி வாயெடுத்தால் முடிப்பதற்குள் பெயரை நாங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். நான்தான் பெயர் வைத்தேன். வைத்த பிறகு எனக்கே அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அது எப்படி வரும் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு அந்தக் காட்சி தெரிகிறதே. மேசை தெரிகிறது, அந்தக் காலி நாற்காலி தெரிகிறது, அவள் விரல் அதன்மேல் நிற்பது தெரிகிறது.

"அப்ப நீ எங்க பாத்த?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். அவள் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. "தெரியலங்க" என்றாள். "பாத்தது நிச்சயம். ஆனா தியேட்டர்ல பாத்த மாதிரி இல்ல. கீழ இருந்து பாக்குற மாதிரி. நாற்காலி காலுதான் பெருசா தெரியும்."

"டி.வி.யா?"

"எனக்குப் பதினாலு வயசாகுற வரைக்கும் எங்க வீட்ல டி.வி. ஏது?" சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்தாள். "உங்க படத்த விடுங்க. இப்ப எனக்குக் குழப்பமா இருக்கு. எங்க பாத்தேன் நான்?"

அவளுடைய அம்மாவும் அப்பாவும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள், சின்ன அண்ணனும் இப்போது இல்லை. கேட்பதற்கு மிச்சம் இருப்பது அவளுடைய மூத்த அண்ணன் மட்டும்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவர். லாரிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். போனில் எப்போதும் சுத்தியல் சத்தம் கேட்கும். மறுநாள் கடையிலிருந்து அவரைக் கூப்பிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, அவர்கள் அம்மா நாற்காலிகளைத் தொட்டுக்கொண்டு நடந்ததுண்டா என்று கேட்டேன். சுத்தியல் சத்தம் குறைந்தது. கதவைச் சாத்துகிற ஓசை வந்தது.

"யாரு சொன்னா மாப்ள உங்களுக்கு?"

"ஒரு படத்துல..." என்றேன்.

"படமா?" என்றார். "எனக்கும் தம்பிக்கும் அப்பறம் வீட்ல ஒரு பொண்ணு இருந்தா. ஆறு வயசு. காய்ச்சல்ல மூணே நாள்ல போயிட்டா. அதுக்கப்பறம் அம்மா தினமும் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி நாற்காலியெல்லாம் தொட்டுக்கிட்டே வருவாங்க. அந்தப் பச்சை நாற்காலிகிட்ட வந்து நின்னு என்னையக் கேப்பாங்க, இது யாரோடதுடான்னு. அப்பா சொல்லிக் குடுத்திருந்தாரு, யாரோடதும் இல்லன்னு சொல்லணும்னு. நானும் சொல்லுவேன். அப்ப சரின்னுட்டு சாப்பிடுவாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அப்பறம் அப்பா அந்த நாற்காலிய யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு. அம்மாவும் நிறுத்திட்டாங்க."

"இவ அதப் பாத்திருக்காளா?"

"எப்படிப் பாப்பா? இவ பொறந்ததே அதுக்கு ஒண்ணரை வருஷம் கழிச்சு." குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தி இருந்தாங்கிறதே அவளுக்குத் தெரியாது மாப்ள. போட்டோ ஒண்ணு விடாம எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. செத்தவளோட பேரைத்தான் இவளுக்கு வச்சாங்க. நீங்க சொல்லிடாதீங்க."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பச்சை. என் மனதில் இருக்கும் நாற்காலியும் பச்சைதான், நுனியில் கொஞ்சம் வண்ணம் உதிர்ந்த பச்சை. 'நகல் வீடு' கறுப்பு வெள்ளைப் படம். இருபத்திரண்டு வருடமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பச்சை நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருநாள்கூட எனக்கு உறுத்தவில்லை. காப்பிக் கடையில் அவள் நிறத்தையும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? சொன்னாள் என்று வைத்துக்கொண்டாலும் அவளுக்கு யார் சொன்னார்கள்?

அந்த வாரம் முழுக்க நான் கடையில் உருப்படியாக வேலை செய்யவில்லை. கண் பரிசோதிக்க உட்கார்கிறவர்களுக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். வழக்கமாக எரிச்சல் வரும். இந்த வாரம் அவர்கள்மேல் பாசம் வந்தது. வீட்டில் அவள் இரண்டு தடவை, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "எங்கேன்னு ஞாபகம் வர மாட்டேங்குதுங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஐம்பது வயதில் ஒருத்தியிடம் போய், உன் பெயர் உனக்கு வைத்தது இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், 'யாரோடதும் இல்லை' என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவனாகிவிட மாட்டேனா? அவள்மேல் பாவமாகவும், அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பயந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது. படம் முடிந்து வீடு திரும்பியதும் அவளிடமும் சொல்லிவிடுவது. அண்ணன் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

ஞாயிறு காலை கிளம்பும்போது அவளும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். "நானும் வரேன்" என்றாள். "என்னோட சீனாச்சே."

அரங்கத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பல் டாக்டர் என்னை 'முதல் சாட்சி' என்று அறிமுகம் செய்து மேடைக்கு அழைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் சொன்னேன்.

"அந்தக் காட்சி இந்தப் படத்துல இல்ல. யாரும் வெட்டல. எப்பவுமே இருந்ததில்ல. தப்பா எழுதினது நான். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

பின்வரிசையில் பருத்த ஒருவர் எழுந்தார். "நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன் சார்" என்றார், சாந்தமாக. "உங்களுக்கு வேணா மறந்திருக்கும்." எல்லோரும் அவருக்குக் கைதட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட அதிகமாக.

பல் டாக்டர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெதுவாக உருவினார், ஆடுகிற பல்லைப் பிடுங்குவது போல. "அப்ப அது எங்கிருந்துதான் வந்துச்சுங்கிறீங்க?"

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எல்லோரையும்விட அதிக ஆர்வத்தோடு என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தெரியல" என்றேன்.

இறங்கி வந்து அவளுக்கு இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டு, "பரவால்ல விடுங்க" என்றாள். அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. தாமதமாக வந்த ஒரு பெண் எங்கள் வரிசைக்குள் நுழைந்து, என் மனைவிக்கு வலப்பக்கத்தில் இருந்த இருக்கையைக் காட்டினாள். அதன்மேல் மனைவியின் கைப்பை இருந்தது.

"இங்க ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் என் மனைவி, நடைமேடை எண்ணைச் சொல்கிற அதே கறாரான குரலில். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனாள்.

நான் அவளைப் பார்த்தேன். "யாரு வராங்க?"

அவளும் என்னைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "தெரியலங்க. வாயில வந்துருச்சு." அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட நினைத்தவள் மாதிரி எழப்போனாள். பிறகு பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விளக்குகள் அணைந்தன. திரையில் அந்த வீட்டின் வாசல் கறுப்பு வெள்ளையில் வந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சம் மாறி மாறி விழுந்ததில் அவளுடைய வலது கை எனக்குத் தெரிந்தது. அது பக்கத்து இருக்கையின் முதுகில் இருந்தது.