சிதம்பரத்தின் வீடு இறங்கிய விவரம்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராம் மாடியில் இருந்த சிதம்பரத்தின் வீடு, 2019 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தாம் மாடியில் இருந்தது. அங்கிருந்த நூருன்னிசாவின் வீடு பதினொன்றுக்கு ஏறியிருந்தது. சுவரில் கீறல் இல்லை. அடுப்பிலிருந்த பால்கூடச் சிந்தவில்லை. முகவரி மாறினால் இருபத்தெட்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இரு வீட்டாரும் தெரிவித்தார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திண்டுக்கல் பக்கம் சிதம்பரத்துக்கு அப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர் வாழைத்தோட்டம் இருந்தது. அதன் போர்வெல் மோட்டாரை இங்கிருந்தே கைத்தொலைபேசியில் போடுவார். பல் தேய்க்கும்போது குழாயை மூடிவைக்கும் சிக்கனக்காரர்தான், ஏனென்றால் இங்கே தண்ணீருக்குக் கட்டணம் உண்டு. அங்கே விவசாய மின்சாரம் இலவசம், நிலத்தடி நீர் கேட்பாரற்றது. ஆகவே மோட்டாரைப் போட்டுவிட்டு லிட்டில் இந்தியாவுக்குப் போய் மீன்தலைக் கறி சாப்பிட்டு வந்து நிறுத்துவார். அங்கே நீர்மட்டம் ஐம்பது அடி இறங்கினால் இங்கே வீடு ஒரு மாடி இறங்கும்.

அக்கம்பக்கத்தார் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார்கள். உயரத்து வீட்டுக்கு விலை கூடுதல். நூருன்னிசா நல்ல விலைக்கு விற்றுக் குவீன்ஸ்டவுனுக்குப் போனதும், கீழ்மாடிக்காரர்கள் குவே பலகாரங்களோடு சிதம்பரத்தை நலம் விசாரிக்க வந்தார்கள். நான்காம் மாடி முகம்மது யூசுப் மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் அக்கறையாகக் கேட்பார்: "என்ன அண்ணே, இன்னைக்கு மோட்டார் போடலையா?"

2022இல் வீடு ஆறாம் மாடிக்கு வந்தது. ஜன்னலில் தெரிந்த புக்கிட் தீமா குன்று போய், கார் நிறுத்துமிடத்தின் சுவர் வந்தது. வங்கியில் வேலை பார்த்த மனைவி கவிப்ரியா அந்தச் சுவரைப் பார்த்தபடி அழுதாள்.

"கரண்ட் ஃப்ரீ, தண்ணி ஃப்ரீ. எதுக்கு ஆஃப் பண்ணணும்?" என்றார் சிதம்பரம்.

"ஃப்ரீயா? லிஃப்ட்ல எந்த பட்டன அமுக்குறீங்கன்னு பாருங்க லா. வாழையில வருஷத்துக்கு எண்ணூறு வெள்ளி பணம் வருது. ஒரு மாடி இறங்குனா வீட்டு விலையில அஞ்சாயிரம் போகுது."

அன்றே மோட்டாரை நிறுத்தினார். மூன்று மாதத்தில் வீடு ஐந்தாம் மாடிக்கு இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து முத்தாயி ஆயிரம் அடிக்குப் புது போர் போட்டிருந்தாள். சிதம்பரம் தொலைபேசியில் அழைத்து, தண்ணீர் பொதுச்சொத்து என்று உருக்கமாக எடுத்துச் சொன்னார்.

"பன்னெண்டு வருசமா நீங்க போன்லயே இறைச்சப்ப நான் ஏதும் கேட்டனா?" என்றாள் முத்தாயி. "நீங்க இறைச்சதுல என் கெணறு வத்திப்போச்சு. கடன வாங்கிப் போர் போட்டேன். இப்ப வாழை காஞ்சா கடன யாரு கட்டுறது?"

சிதம்பரத்திடம் பணம் இருந்தது. இரண்டு தோட்டத்துக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டார். வாழையை எடுத்துவிட்டுக் கம்பு விதைக்க முத்தாயிக்கு மாதம் நூற்றைம்பது வெள்ளி அனுப்பினார். தண்ணீர்க் கட்டணம் ஏறியபோது ஒரு வாரம் புலம்பியவர், இறைக்காத தண்ணீருக்குத் தேதி தவறாமல் கட்டினார்.

வீடு நின்றுவிட்டது. யூசுப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "எங்க முறை வர்றப்ப நிறுத்திட்டீங்களே. இது ஃபேர் இல்ல லா!"

சென்ற ஐப்பசியில் அங்கே நல்ல மழை. முத்தாயியே கூப்பிட்டாள். "பழைய கெணத்துல ஒரு மொழம் தண்ணி நிக்குதுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து இருவது வெள்ளி சேத்து அனுப்புங்க."

அன்று காலை வீடு நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. கவிப்ரியா வாசலில் இடறாமல் இறங்கி வேலைக்குப் போனாள். சிதம்பரம் இருபது வெள்ளியைச் சேர்த்து அனுப்பினார்.