நெவில் எல்லை தாண்டிய விதம்

ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊரில் பதினாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காரில் கட்டி இழுத்துப் போகிற வீட்டுவண்டியான கேரவனைப் பின்னால் எடுக்க எனக்குத் தெரியாது. இந்த இரண்டு உண்மைகளையும் புது ஆட்களிடம் ஒரே மூச்சில் சொல்வது என் மனைவி மெரினுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இந்தப் பயணத்தில் தங்கிய இடத்திலெல்லாம் பக்கத்து வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு, நான் வண்டியை நிறுத்துவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் டீயே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அதையாவது மன்னிக்கலாம். முயலை மறந்தேனே, அதுதான் மன்னிக்க முடியாதது.

மெரினின் தங்கைக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் கடலோர ஊரான எஸ்பெரன்ஸில் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எட்டு வயது ஹாமிஷையும் நாலரை வயது எல்ஸியையும் ஏற்றிக்கொண்டு மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கிளம்பினோம். சாமான் ஏற்றுவது என் பொறுப்பு. கெட்டில் இரண்டு ஏற்றினேன். எல்ஸி கட்டிக்கொண்டு தூங்கும் துணி முயலை வாசற்படியிலேயே விட்டுவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் அவள் அழுத அழுகையில் பக்கத்து வண்டி நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வேறு வழி தெரியாமல் மூட்டையிலிருந்து ஒரு பெரிய உருளைக்கிழங்கை எடுத்தேன். பேனாவால் இரண்டு கண் வரைந்தேன். பாத்திரம் துடைக்கிற துணியைச் சுற்றி அவள் மடியில் வைத்தேன்.

"இவன் பேரு நெவில். முயல் லீவு போட்டிருக்கு. அதுக்குப் பதிலா இவன் வந்திருக்கான்."

எங்கள் ஊர் நீச்சல் வாத்தியார் பேர் நெவில். அவருக்கும் தலையில் முடி கிடையாது.

எல்ஸி அழுகையை நிறுத்தி அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவன் எங்க போறான்?"

"எஸ்பெரன்ஸுக்கு. இதுவரைக்கும் கடலே பாத்ததில்லையாம் பாவம். நான் காட்டறேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

அழுகையை நிறுத்த அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஆனால் என் வாய் எப்போதும் ஒரு வாக்கியம் அதிகமாகத்தான் ஓடும்.

அதற்குப் பிறகு ஆறு நாள் நெவில் எங்களோடு சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தான். நல்லார்பர் சமவெளியில் மரம் கிடையாது, வளைவு கிடையாது. அரை மணிக்கொரு வண்டி எதிரே வரும். ஓட்டுகிறவர் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நானும் தூக்குவேன். எல்ஸி நெவிலைத் தூக்கிக் காட்டுவாள். ஆறாம் நாளுக்குள் அவன் உச்சந்தலையில் இளம்பச்சையாய் ஒரு முளை விட்டிருந்தது. அதைத் தண்ணீர் தொட்டுச் சீவிவிட்டாள்.

அன்று மத்தியானம் மாநில எல்லைக்கு எண்பது கிலோமீட்டர் முன்னால், கேரவன்கள் தங்குகிற ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினோம். அங்கே கெவ், லொரெய்ன் என்று ஒரு தம்பதி. ஓய்வு பெற்றதிலிருந்து பதினோரு வருஷமாகக் கேரவனிலேயே சுற்றுகிறவர்கள். லொரெய்ன் அண்டா மாதிரி ஒரு பாத்திரத்தோடு வந்தாள்.

"நாளைக்கு எல்லை. பச்சைக் காய்கறி என்ன இருக்கோ எல்லாத்தையும் கொண்டாங்க. குப்பைத்தொட்டில போடறதுக்குப் பதிலா சூப்பா குடிச்சுடலாம்."

பூச்சியும் நோயும் பரவும் என்று மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் காய், பழம், தேன் எதுவும் போகக்கூடாது. அதனால் எல்லைக்கு முந்தின நாள் அங்கே தங்குகிற எல்லா வண்டிக்கும் ஒரே சமையல். நான் மூன்று காரட்டும் அரை முட்டைகோஸும் கொடுத்தேன். பிள்ளைகள் ஆளுக்கு நாலு ஆரஞ்சு தின்று தீர்த்தார்கள்.

"அப்பா, உருளைக்கிழங்கும் கூடாது. ரோட்டுப் பலகைல படமே போட்டிருந்துச்சு" என்றான் ஹாமிஷ். சட்டத்தை மதிக்கிற பையன், அம்மாவைப் போல.

லொரெய்ன் அப்போதுதான் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்ஸி நெவிலின் கண்களைத் தன் கையால் மூடினாள்.

மெரின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீயே அவகிட்ட சொல்லிடு. சத்தியம் பண்ணது நீதானே."

"காலைல சொல்றேன்."

"காலைலயா. சரி." மெரினின் 'சரி' எங்கள் கேரவனை விடக் கனமானது.

சூப் குடிக்கும்போது கெவ் என் பக்கம் சாய்ந்தார். "கடத்தலாம்னு மட்டும் நினைக்காத தம்பி. நான் ஒருதரம் தேன் பாட்டில ஒளிச்சு வெச்சேன். லொரெய்ன் தானா இறங்கிப் போய் காட்டிக் குடுத்துட்டா."

"நாப்பத்தி மூணு வருஷம் இவரோட குடும்பம் நடத்தியாச்சு. அந்த ஒரு நாளாவது இவரப் பிடிச்சு வெச்சுப்பாங்க, நல்லாத் தூங்கலாம்னு நினைச்சேன்" என்றாள் லொரெய்ன்.

காலையில் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். எல்ஸி நெவிலுக்கும் சேர்த்துப் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பல்லே இல்லை, ஆனாலும் துலக்கினாள். திரும்பி வந்துவிட்டேன். அவள் வாய் கொப்பளிக்கிற நேரத்தில் நெவிலை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு, காலுறையைக் கோட்டுப் பைக்குள் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டேன். பையைத் தொட்டுக் காட்டி, "நெவில் மறுபடி தூங்கிட்டான், எழுப்பாத" என்றேன். அவள் தலையாட்டினாள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரி வந்தாள். முப்பத்துமூன்று டிகிரி வெயில். கம்பளிக் கோட்டு போட்ட ஆள் அந்த வரிசையில் நான் ஒருவன்தான்.

"பழம், காய்கறி, தேன், விதை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"குளிருதா உங்களுக்கு?"

"லேசா காய்ச்சல்."

மெரின் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பின்சீட்டில் ஹாமிஷின் காது இரண்டும் சிவந்தன. எல்ஸிதான் பேசினாள்.

"அப்பா, நெவில உள்ளயே வெச்சிருக்கியே, அவனுக்கு மூச்சு முட்டாதா? வெளில எடு."

எடுத்தேன். காலுறையிலிருந்து முதலில் முளை எட்டிப்பார்த்தது, பிறகு கண்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

"இவர் பேரு?"

"நெவில்" என்றாள் எல்ஸி.

"மன்னிச்சுக்கணும் நெவில். உங்கள உள்ள விட எனக்கு அனுமதி இல்ல."

எல்ஸியின் கீழுதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. "அப்பா சத்தியம் பண்ணிருக்காரு. கடல் காட்டறேன்னு."

"பண்ணிருக்கேங்க" என்றேன். கோட்டுக்குள் வேர்வை வழிய, காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு. இத்தனை வருஷம் மாணவர்களிடம் 'விதி எல்லோருக்கும் ஒன்றுதான்' என்று சொன்ன வாய்.

"உங்களப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் அதிகாரி. பிறகு எல்ஸியின் ஜன்னலருகே குனிந்தாள். "இங்க பாரு பாப்பா. பச்சைக் கிழங்குதான் உள்ள போகக்கூடாது. வெந்த கிழங்கு போகலாம்."

எல்ஸி யோசித்தாள். "வெந்நீர்ல குளிக்கணுமா?"

"ஆமா. முக்கால் மணி நேரம். இல்லன்னா அந்தத் தொட்டி."

தொட்டியை எல்ஸி பார்த்தாள். வாழைப்பழங்கள் கிடந்தன. என்னைப் பார்த்தாள். "அப்பா, அவனுக்கு வலிக்குமா?"

காலையிலிருந்து சரளமாகப் பொய் சொன்னவனுக்கு அப்போது பார்த்து ஒன்றும் வரவில்லை. "தெரியலடா. வலிக்காதுன்னுதான் நினைக்கறேன். ஆனா குளிச்சு வந்தா அவன் பழைய மாதிரி இருக்க மாட்டான்."

அவள் காலுறையோடு அவனைக் காதருகே வைத்துக்கொண்டாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நான்கு வண்டிகள்.

"சரிங்கறான். ஆனா தலைல சோப்பு போடக்கூடாதாம்."

ஓரமாகப் போய் நிறுத்த வேண்டுமென்றால் கேரவனைப் பின்னால் எடுக்க வேண்டும். அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. மெரின் இறங்கிக் கை காட்டினாள், பின்னால் நின்ற வண்டியிலிருந்து கெவ் இறங்கிக் கை காட்டினார், இருவரும் வேறு வேறு பக்கம் காட்டினார்கள். பதினோரு நிமிஷம். அதிகாரியே உட்கார ஒரு நாற்காலி தேடினாள்.

கேரவன் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. எல்ஸி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நேரந்தான் நெவில்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹாமிஷ் தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டு கடிகாரம் பார்த்தான். நான் ஐந்து நிமிஷத்துக்கொருமுறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"விடு தம்பி" என்றார் கெவ். "அந்தப் பக்கம் கடிகாரம் முக்கால் மணி பின்னால ஓடுது. இங்க செலவழிச்சத அங்க அப்படியே திருப்பிக் குடுத்துடுவாங்க."

அதிகாரி முள்கரண்டியோடு வந்தாள்.

"ஒரே ஒரு குத்துதான்" என்றாள் எல்ஸி. "முதுகுப் பக்கம்."

ஒரே குத்து, முதுகுப் பக்கம். "வெந்துட்டார். போகலாம்." பிறகு என்னிடம் ஒரு எச்சரிக்கைச் சீட்டை நீட்டினாள். அது நெவில் பேரில் இல்லை, என் பேரில்தான் இருந்தது.

கொதிநீரில் பேனா மை கரைந்துபோயிருந்தது. "கண்ண மூடிட்டான்" என்றாள் எல்ஸி.

"குளிச்சா தூக்கம் வரும்ல" என்றாள் மெரின். என் காதில் மட்டும், "கோட்டக் கழட்டித் தொல" என்றாள்.

முப்பது கிலோமீட்டர் தாண்டியிருப்போம். கண்ணாடியில் பார்த்தேன். எல்ஸி மடியில் தட்டு, தட்டில் துணி, துணியில் நெவில். நான் மனசுக்குள் ஆறுதல் பேச்சு ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பிரிவு, நட்பு, நினைவு என்றெல்லாம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"அப்பா."

"சொல்லுடா செல்லம்."

"வெண்ணெய் இருக்கா?"

மெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சாலையோரம் நிறுத்தினேன். எல்ஸி கரண்டியால் நெவிலைப் பிட்டு, வெண்ணெய் தடவி, நிதானமாகச் சாப்பிட்டாள். "வயித்துக்குள்ள இருந்தா எந்தச் சாவடிலயும் பிடிக்க மாட்டாங்க. உள்ளயே இருந்து கடல் வரைக்கும் வருவான்."

"எஸ்பெரன்ஸுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று ஹாமிஷ் ஆரம்பித்தான். "அதுக்குள்ள அவன்..."

மெரின் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

கடைசித் துண்டை எல்ஸி என்னிடம் நீட்டினாள். "நீதான சத்தியம் பண்ணே. நீயும் கொஞ்சம் தூக்கிட்டு வா."

வாயில் போட்டுக்கொண்டேன். "உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

"ரெண்டு கெட்டில் ஏத்தினியே, உப்பு ஏத்தலியா?" என்று கேட்டபடி மெரின் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அப்போது எதிரே ஒரு லாரி வந்தது. ஓட்டுகிறவர் விரலைத் தூக்கினார். எல்ஸி வழக்கம்போல் நெவிலைத் தூக்கப் போனாள். தட்டு காலி. ஒரு கணம் யோசித்தாள். பிறகு சட்டையைத் தூக்கித் தன் வயிற்றை அவருக்குக் காட்டினாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் சட்டையைத் தூக்கினேன்.

லாரி வெகுதூரம் போகிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.