மண்டையில் கோடாலியோடு ஏழு முறை

முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மண்டையில் கோடாலியோடுதான் சபைக்குப் போய்வந்தார். இரும்பு நான்கு விரற்கடை உள்ளே இறங்கியிருந்தது. காம்பு பின்னால் நீண்டிருந்தது. மல்லாந்து படுக்க முடியாது, கார் கதவு இடிக்கும், மற்றபடி தொந்தரவில்லை. பிடுங்கினால் ஆள் போய்விடுவார் என்றார்கள் மருத்துவர்கள். பதவி போய்விடும் என்றார் மைத்துனர். அவர் பயந்தது இரண்டாவதற்குத்தான்.

அது விறகுக்கடைக்காரியின் வீட்டுக் கோடாலி. முதல் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு மைத்துனர் வந்து, "அண்ணே, சாயங்காலம் தந்துடறேன்" என்று அவள் கணவனிடம் இரவல் வாங்கிப்போனார். திட்டம் சின்னதுதான்: மேடைக்குப் பின்னால் மொட்டைப் பக்கத்தால் லேசாக ஒரு தட்டு, நெற்றியில் ஒரு கட்டு, ஊரெல்லாம் அனுதாபம். பதற்றத்தில் மைத்துனருக்கு மொட்டைப் பக்கம் எது, கூர்ப்பக்கம் எது என்று குழம்பிவிட்டது. காம்பில் கடையின் பெயர் சூடுபோட்டிருந்ததால் கூட்டம் நேராகக் கடைக்கு வந்தது. அவள் கணவன் பிளந்து அடுக்கிவைத்த கட்டைகளாலேயே அவனை அடித்தார்கள். முடிந்தபோது முகம் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. வேட்பாளர் இருபதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதன்பின் திங்கட்கிழமைதோறும் அவள் மனுவோடு தொகுதி அலுவலகத்துக்குப் போனாள். "வாங்கிட்டுப் போனது உங்க மச்சான்தான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிட்டு, எங்க கோடாலியத் திருப்பிக் குடுங்க." அவர் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது அப்படியே முப்பத்தைந்து ஆண்டு ஆகிக்கொண்டிருந்தது. இடையில், கோடாலி நிஜம்தானா என்று கேட்ட பத்திரிகைக்காரருக்கு இரண்டு முழங்காலும் போயின. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சபையிலேயே காம்பைப் பிடித்து இழுத்தார். அவருடைய மூன்று விரல்களை ஆளுங்கட்சியினர் கடித்துத் துப்பினார்கள். விரல்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன.

எட்டாவது தேர்தலில்தான் சிக்கல். பார்த்துப் பார்த்து மக்களுக்குப் பழகிவிட்டது. மாட்டின் கொம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அவரவர் வேலையைக் கவனித்தார்கள். கிழடுதட்டிய மைத்துனர் மறுபடி விறகுக்கடைக்கு வந்தார்.

"இன்னொரு கோடாலி இருக்குமாம்மா? சாயங்காலம் தந்துடறேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. இந்தத் தடவை நானே வந்து வெட்டறேன்."

அவர் மோவாயைச் சொறிந்தார். "பொம்பளை வெட்டினா இன்னும் நல்லாத்தான் எடுபடும். தோள்ல, லேசா. கூர்ப்பக்கம் வேணாம்."

"எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் வராது."

அவள் வெறுங்கையோடு மேடையேறினாள். உறுப்பினர் சிரித்த முகம் மாறாமல் முணுமுணுத்தார்: "கோடாலி எங்கம்மா?"

"உங்க தலையில."

நாற்காலியின் முதுகில் காலை ஊன்றி, ஈர மரத்தில் சிக்கியதை எடுப்பதுபோல் இரண்டு அசைப்பு அசைத்துப் பிடுங்கினாள். முன்வரிசை முழுக்க நனைந்தது. ஆள் சாகவில்லை. வாய் "சதி! சதி!" என்று அலற, மண்டையில் பிளந்திருந்த வெட்டு அவர் குரலிலேயே, அவரைவிடத் தெளிவாக, மைக்கில் பேசியது: "கோடாலிய வாங்கினது மச்சான். வாங்கச் சொன்னது நான். கடைக்காரனை அடிச்சுக் கொல்லுங்கன்னு ஆள் அனுப்பினதும் நான்தான்." யாரையாவது அடித்தே ஆகவேண்டுமே, கூட்டம் மேடைக்காலைப் பிடுங்கி மைத்துனரை அடித்துக் கொன்றது. உறுப்பினர் ஐம்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். உண்மை பேசிய வேட்பாளர் வேறு யாரும் அந்தத் தொகுதியில் நிற்கவில்லை.

இப்போது சபையில் வாயும் வெட்டும் மாறிமாறிப் பேசுகின்றன. சுருக்கெழுத்தர் ஒருவர் போதாதென்று இன்னொருவரையும் நியமித்துவிட்டார்கள்.

அவள் கணவனை அடித்தவர்களில் பதினோரு பேர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். முடிவு வந்த மறுநாள் காலை அவர்கள் கடைவாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். முதலில் நின்றவர் தொண்டையைக் கனைத்து, "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"எத்தனை கிலோ?" என்றாள் அவள், கோடாலியை ஓங்கியபடி.